பதிலுக்கு மூன்று விநாடி

“நூற்று நாற்பத்து நான்கின் வர்க்கமூலம் என்ன?”

கேட்டுவிட்டு அவள் பேசாமல் நின்றாள்.

பின்னால் பச்சைத் துணி. எதிரே பெஞ்சும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு கேமரா. அதற்குப் பின்னால் கொட்டாவியை மென்று விழுங்கும் கேமராக்காரர்.

“கட்,” என்றான் எட்வின். இணையத்துக்கான பாடங்களை எடுக்கும் சேனல்காரன். “மறந்துட்டீங்களா டீச்சர்?”

“இல்ல. பதிலுக்கு நிக்கேன்.”

“யாரு பதில் சொல்லப் போறா?”

சொல்ல வேண்டியதாயிற்று.

பேச்சிக்கனி. டீச்சரிடம் படித்து, பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள். இப்போது நூல் மில்லில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுதியில் ஒரு போன் கைமாறி வரும். இந்தப் பாடத்தை நம்பித்தான் தனித்தேர்வு எழுதப்போகிறாள். பதில் அவளுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். வாய்க்கு வரத்தான் நேரமாகும். திக்கும். காத்திருப்பதற்கு வகுப்பு மொத்தமும் பழகியிருந்தது.

எட்வின் டி.வி.யில் வேலை பார்த்தே வளர்ந்தவன். சத்தமில்லாத திரை அவனுக்குப் பூட்டிய கடை.

“எவ்வளவு வேணும்?”

“பத்து செகண்ட்.”

“கட்டுப்படி ஆகாது டீச்சர். பார்க்கிறவன் அடுத்த வீடியோவுக்குத் தாவிருவான். ஒண்ணு வச்சுக்குங்க.”

“ஒண்ணுல அவளுக்கு ‘ப’ கூட வராது.”

“அப்ப வீடியோவ நிறுத்தி வச்சுக்கட்டும்.”

“நாலு பேரு சேர்ந்து பாக்கிற போன். நிறுத்துங்கன்னு சொல்லவும் அவளுக்கு வாய் வரணுமே.”

மூன்றில் படிந்தது. இரண்டு பேருக்கும் நஷ்டம். அப்படியென்றால் நியாயமான விலைதான்.

மறுபடி கேட்டாள். மூன்று விநாடி நின்றாள். பழக்கதோஷத்தில், “சரியாச் சொன்ன. பன்னிரண்டு,” என்றாள்.

எட்வினுக்கு அது பிடித்துவிட்டது. “இது நல்லாருக்கே! எல்லாப் பாடத்துலயும் போட்டுவிடுங்க.”

போட்டாள்.

பாடம் வெளியான அன்று மத்தியானம், ஆசிரியர் அறையில் போனைத் திறந்தாள்.

“நூற்று நாற்பத்து நான்கின் வர்க்கமூலம் என்ன? சரியாச் சொன்ன. பன்னிரண்டு.”

நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. வெட்டி ஒட்டியவர் கைகாரர். தையலே தெரியவில்லை. எட்வின் அவரிடம் சொல்ல மறந்திருக்கலாம். வெட்டச் சொல்லியும் இருக்கலாம்.

கீழே ‘சூப்பர் மிஸ்’கள். இதயங்கள்.

கோபம் வருமா என்று பார்த்தாள். வரவில்லை. அழுகையும் அப்படித்தான். கையில் போன் இருந்தது. அதன் சூடு தெரிந்தது. அவ்வளவுதான்.

முதலிலிருந்து ஓடவிட்டாள். கேள்வி முடிந்ததும் கட்டைவிரலால் நிறுத்தினாள்.

திரையில் அவள் வாய் பாதி திறந்தபடி நின்றது.

வெளிச்சம் மங்கியது. தொட்டாள். மறுபடி மங்கியது. தொட்டாள்.

பக்கத்து நாற்காலி லூர்து சார் எட்டிப் பார்த்தார்.

“என்ன டீச்சர், நெட்டு போயிட்டா?”

“இல்ல சார். பதில் சொல்லிட்டிருக்கா.”