நெட்டையின் மேசை

"எத்தனை தடவைம்மா சொல்றது? 'களைப்பா இருக்கேன்'னு சொல்ல 'சோய்' போட்டா ஆயுசுக்கும் களைப்புன்னு ஆயிடும். இன்னைக்கு மட்டும் களைப்புன்னா 'எஸ்தோய்'. எழுந்து நில்லுங்க."

ஸ்பானிஷ் வாத்தியார் நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார்.

நர்ஸ் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அந்த வகுப்பில் அதுதான் சட்டம். தப்பாகச் சொன்னவர் நிற்க வேண்டும். அடுத்தவர் யாராவது தப்பு செய்தால்தான் உட்காரலாம்.

"அடுத்து நெட்டை. நம்ம மேசைதான் அங்கேயும் 'மேசா'. அந்த மொழியில பொருளுக்கும் ஆண், பெண் உண்டு. அது ஆணா, பெண்ணா?"

ஆம்புலன்ஸ் ஓட்டும் நெட்டை கொஞ்சம் யோசித்தான்.

"ஆண் சார். 'எல் மேசா'."

வகுப்பே சிரித்தது.

"மேசைக்கு மீசை முளைச்சிருக்காய்யா?" என்றது கடைசி வரிசை.

"பெண்! 'லா மேசா'! நேத்தும் இதே கூத்து, முந்தாநாளும் இதே கூத்து. நில்லுய்யா."

நெட்டை நின்றான். நர்ஸ் அக்கா உட்கார்ந்தார். அதன்பிறகு யாரும் தப்பு செய்யவில்லை. மணி அடிக்கும்வரை அவன் நின்றுகொண்டே இருந்தான்.

எல்லோரும் போனதும் வாத்தியார் அவனைக் கூப்பிட்டார்.

"வெளிநாட்டு ஆஸ்பத்திரி இன்டர்வியூவுக்கு நாளைக்குப் பேர் அனுப்பணும். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன் பேரை எழுதறது?"

"அந்த வேலையை நம்பித்தான் சார் வீட்ல எல்லாரும் இருக்கோம்."

"அப்போ படிக்கணும். மண்டையில என்ன களிமண்ணா?"

சட்டைப் பையைத் தடவிய வாத்தியார், சலிப்போடு ஸ்பானிஷில் தனக்குத்தானே முனகினார். "என் கண்ணாடி எங்க போச்சு?"

நெட்டை யோசிக்காமல் ஸ்பானிஷிலேயே பதில் சொல்லிவிட்டான். மேசை மேலதான் இருக்கு, பேப்பருக்கு அடியில.

மேசை பெண்ணாகவே இருந்தது. 'இருக்கு'வும் சரியான 'இருக்கு'.

வாத்தியார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்போ தெரிஞ்சேதான் தினமும்... என்னைக் கிண்டல் பண்றியா?"

"ஐயோ, இல்ல சார்." நெட்டை தலையைச் சொறிந்தான். "அக்கா விடிஞ்சதிலேர்ந்து வார்டுல நின்னுட்டு நேரா இங்க வர்றாங்க. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. அடுத்தவன் தப்பு பண்ணாத்தான் அவங்க உட்காரலாம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"