அந்த டார்ச் போதாது

“மாமா, பெரியவர் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம் குடுத்திருக்கார். அதைக் கீழ வெச்சுட்டுக் கிளம்புங்க.”

டார்ச் மெக்கானிக், மைத்துனனின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. டார்ச்சின் தலையைத் திருகிக் கழற்றி, உள்ளேயிருந்த வட்டத் தகட்டை மேஜை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். பாப்பா விழுந்த நாளிலிருந்து அவர் பொட்டுக்கூடத் தூங்கவில்லை. ஆனாலும் கை மட்டும் நடுங்கவில்லை. பாழாய்ப்போன தொழில் பழக்கம்!

“அந்த ஆளோட டார்ச்சை நீயும் பாத்தேல்ல மாப்ள? விரல் தண்டிகூட இல்ல. அதை அடிச்சுப் பாத்துட்டு, ‘அசைவே இல்ல, நிறுத்திடலாம்’னு சொன்னா நான் விட்டுடணுமா?”

“அவர் மட்டுமா மாமா? இன்னொருத்தரும் வந்து பாத்தாரே.”

“அவரும் அதே டார்ச்சைத்தானே வாங்கி அடிச்சார்? பெருசா ரெண்டாவது தடவை பாத்துட்டாங்களாம்.”

மைத்துனன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “அக்கா அங்க தனியா இருக்கு மாமா” என்றான். அவர் சால்டரிங் அயர்னைச் சூடேறப் போட்டார்.

“கம்பெனிக்காரன் சரியான கஞ்சன்” என்றார் மெக்கானிக், தனக்குத்தானே பேசுவது போல. “பேட்டரி ராத்திரி பூரா வரணும்னு கரண்ட்டை இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கான். அந்தப் பிடியைத் தளர்த்தி விடணும். அவ்வளவுதான் வேலை.”

தகட்டில் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கடுகளவு ரெசிஸ்டரின் முதுகில் இன்னொன்றை ஏற்றிப் பற்றவைத்தார். அடி ஸ்பிரிங்கோடு ஒரு செம்புக் கம்பியைச் சேர்த்தார். பழைய எல்.இ.டி.யைப் பெயர்த்துவிட்டு அதைவிடப் பெரியதை வைத்தார். புது பேட்டரியைப் போட்டு மூடி, எதிர்ச் சுவரில் அடித்தார்.

பட்டப்பகலில் சுவர் வெள்ளை வெளேரென்று ஆனது. மைத்துனன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

“போதும் மாமா, கண்ணு அவியுது.”

“உனக்குக் கூசி என்ன பண்றது? அவளுக்குப் போய்ச் சேரணும்ல? எவ்வளவு ஆழத்துல கிடக்கறாளோ.”

மைத்துனன் டார்ச்சின் தலையைத் தொட்டுவிட்டு விரலை உதறினான். “கொதிக்குது. இது அஞ்சு நிமிஷம் தாங்காது, எரிஞ்சு போயிடும்.”

“அரை நிமிஷம் எரிஞ்சா போதும்டா” என்றார். “சின்னதுல கரண்ட் போச்சுன்னா, ‘அப்பா டார்ச்சு, அப்பா டார்ச்சு’ன்னு ஊரைக் கூட்டுவா. மூஞ்சிக்கு நேரா அடிச்சா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுச் சிரிப்பா. நான் வந்துட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சா போதும் மாப்ள. தானா அசைவா.”

மைத்துனன் வேறு பக்கம் பார்த்தபடி வண்டிச் சாவியை எடுத்தான். வழி நெடுக மெக்கானிக் டார்ச்சை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தார். கீழே போட்டுவிட்டால் எல்லாம் போச்சே என்று பயமாக இருந்தது.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். பெரியவர் அவருடைய முகத்தையும் கையிலிருந்த டார்ச்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரே ஒரு தடவை சார். உங்க கால்ல வேணா விழறேன்.”

பெரியவருக்கு மறுக்க மனம் வரவில்லை. ஒதுங்கி வழி விட்டார்.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்த பாப்பா கட்டிலில் கிடந்தாள். அவளுக்காக இயந்திரம்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நர்ஸ் குனிந்து அவள் இமைகளை விரலால் மெல்லப் பிரித்துப் பிடிக்க, மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். அந்த வெளிச்சத்தில் பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்; நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; பாப்பாவின் கருமணிகள் மட்டும், கொஞ்சமும் சுருங்காமல், அகலத் திறந்தபடி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தன.