ஆறே நொடியில் நூறு

தலை பின்னால் போய் இருக்கையில் மோதியது. கண்ணெதிரே எண்கள் எண்பது, தொண்ணூறு, நூறு என்று தாவின. ரேஸ்காரர் பிளந்த வாயை மூடாமலே பிரேக்கை மிதித்தார்.

"ஆறே நொடி சார்," என்றாள் பக்கத்தில் இருந்த விற்பனைப் பெண். சோதனை ஓட்டத்துக்கென்றே ஷோரூமுக்குப் பின்னால் போட்டிருந்த சாலை அது. இன்னும் ஒரு தரம் போகலாமா என்று கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டார். போனார்கள்.

ரேஸ்காரர் என்பது கூட்டாளிகள் வைத்த பெயர். ஐம்பத்திரண்டு வயது, வேன் ஓட்டும் வேலை, ஸ்டியரிங்கைத் தொடும் தொப்பை. எந்தக் காரைக் கேட்டாலும் அதன் குதிரைத்திறனை ஒப்பிப்பார். மகள் பிறந்த தேதியை மட்டும் மனைவியிடம் கேட்டுச் சொல்வார். தனக்குப் போய் இந்தப் பெயரை வைத்தவனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பழைய பெட்ரோல் வேன் இனி தாங்காது, புதிதாக ஒன்று எடுத்துவிடலாம் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார். பெட்ரோலா, எலெக்ட்ரிக்கா என்பதை மட்டும் இவர் பொறுப்பில் விட்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாகக் கார் கார் என்று உயிரை வாங்குகிறவர், ஒரு தடவையாவது அது உபயோகப்படட்டும் என்று முதலாளியம்மாவின் எண்ணம்.

பின் இருக்கையில் மனைவியின் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். பெட்ரோலைத் தவிர மற்றதெல்லாம் பொம்மை என்பது அவன் கட்சி. ஐந்து நிமிடத்தில் டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம், நடுவழியில் நின்றாலும் ஒரு ஸ்பேனர் போதும், இந்த பேட்டரி வண்டி படுத்தால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று காலையிலிருந்து ஓதிக்கொண்டே வந்தான்.

விற்பனைப் பெண் பொறுமைசாலி. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்டாள். பத்து, பதினைந்து கிலோமீட்டர் தாண்டாது என்றார். அப்படியானால் சார்ஜ் பற்றிய கவலையே வேண்டாம் என்றாள். இப்போதைய வண்டி எப்படி என்று விசாரித்தாள்.

"போன வருஷம் இவன்தாம்மா கியர்பாக்ஸைப் பிரிச்சான். முதல் கியரும் ரெண்டாவதும் தேஞ்சு கிடந்துச்சு. நாலாவது மட்டும் இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருந்துச்சு. என் வீரத்துக்கு அதுதான் சாட்சி."

ஊரில் நெரிசல் அப்படி என்று அவள் அனுதாபப்பட்டாள். அவர் மறுத்துப் பேசவில்லை.

ஷோரூமுக்குத் திரும்பியதும் மெக்கானிக் அவரை ஓர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "மாமா, சத்தம் இல்லாட்டி அது வண்டியில்ல, ஃப்ரிட்ஜுன்னு நீங்கதானே சொல்வீங்க? எஞ்சின் உறுமலக் கேக்காம உங்களால ஒரு நாள் இருக்க முடியுமா?"

அவன் சொன்னது பொய்யும் இல்லை. கிளம்புவதற்கு முன் ஆக்சிலரேட்டரை இரண்டு தடவை அழுத்தி உறுமவிடுவது அவருடைய பழக்கம். யாரும் கேட்காத கச்சேரிதான், ஆனாலும் விடமாட்டார்.

"போன மாசம் ஒரு அம்மா மகனோட பின்னால உக்காந்திருந்தாங்கடா," என்றார். "நான் வழக்கம்போல உறும விட்டேன். அந்தம்மா மெதுவா முன்னால குனிஞ்சு, 'சத்தம் போடாமப் போகக்கூடாதாப்பா, புள்ள தூங்குறான்'னாங்க."

மெக்கானிக் தரையைப் பார்த்தான்.

அதன் பிறகு போய்ச் சேரும் வரைக்கும் அந்த எஞ்சின் போட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் தனக்கு உடம்பு கூசியது என்றார். இவ்வளவு வயதாகியும் சின்னப் பையன் மாதிரி 'டுர்ர்' என்று ஓட்டி விளையாடிக்கொண்டிருந்திருக்கிறோமே என்று அன்றைக்குத்தான் உறைத்ததாம்.

பிறகு மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பட்டறையில் கம்ப்ரஸர் இருக்கிற மூலையை ஒழித்துத் தருவதாகவும், சார்ஜரை அங்கேயே மாட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னான். பெட்ரோல் கட்சி அத்துடன் கலைந்தது.

மேசைக்குப் போய் உட்கார்ந்தார்கள். விற்பனைப் பெண் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். வெள்ளை நிறம், நீளமான மாடல், நடு இருக்கைகள் வேண்டாம், பின்கதவு அகலமாகத் திறக்க வேண்டும். டிராவல்ஸ் வண்டியில் சாமான் நிறைய ஏற்றுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்தாள். அப்புறம் பளபளப்பான ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தால் ஸ்போர்ட் மோட் வரும், ஆறு நொடி ஐந்தாகும், இருநூறு வரைக்கும் பறக்கலாம் என்றாள்.

ரேஸ்காரர் அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்தார். வளைவில் சாய்ந்து திரும்பும் வண்டியின் படத்தைக் கட்டை விரலால் தடவினார். வயதுக்கு மீறிய ஆசையோடு ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு தாளை அவள் பக்கமே திருப்பி வைத்தார்.

"சாவு வண்டிக்கு இருபதே போதும்மா, பின்னால அழுதுக்கிட்டு வர்றவங்க நடந்துதானே வர்றாங்க."