கேசட்டில் பாடிய பெண்

கல்லூரி விழாவுக்குப் பாட்டுக் குழுக்களைத் தேர்வு செய்துகொண்டிருந்த இனியா கேசட்டை நிறுத்தினாள்.

“சைக்கடெலிக் ராக் பாட்டை நம்மூர்ல இப்படி யாரும் பாடிக் கேட்டதில்லைங்க. அந்தப் பொண்ணு வந்தாத்தான் உங்க குழுவுக்கு மேடை.”

“வரமாட்டாங்க,” என்றான் கேசட்டைக் கொண்டுவந்திருந்த சஹீர்.

“ஏனுங்க, ஊட்ல உடமாட்டாங்களா?”

“இந்தப் பாட்டை மூணு மேடையில பாடிட்டோமுங்க. மூணுலயும் கேசட் கேட்டுட்டு வந்தவங்க பொண்ணு எங்கேன்னு கத்தி, பாதியில இறக்கி உட்டுட்டாங்க.”

“அப்ப மேடையில பாடுனது யாரு?”

“நான். கேசட்லயும் நாந்தானுங்க. ரெக்கார்டிங் அன்னைக்குப் பெரியநாயக்கன்பாளையத்துல லோ வோல்டேஜ். டேப் மெதுவா ஓடியிருக்குது. அதையே சரியான வேகத்துல போட்டா, சுருதி ஏறி என் குரல் பொம்பளைக் குரலாயிருச்சு.”

இனியா எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

“நான் கத்த மாட்டேங்க. பாடுங்க.”