துப்பாக்கிக்குத் தண்டனை

எஸ்தரின் தம்பி ஜெபராஜை ஊர்வலத்தில் சுட்டது, யாரைச் சுடுவதென்று தானே முடிவெடுக்கும் போலீஸ் துப்பாக்கி. அதை ஏந்தியிருந்த இன்ஸ்பெக்டர் மேல் வழக்கே இல்லை. துப்பாக்கிதான் குற்றவாளி என்று தீர்ப்பளித்த நீதிபதி, அதை நசுக்கும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்த எஸ்தரை அழைத்தார்.

"சீக்கிரம் அழுத்தும்மா, மனசு ஆறும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்த அவசரம் எஸ்தரை உறுத்தியது. அவள் இயந்திரத்துக்குள் கைவிட்டுத் துப்பாக்கியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயா, அன்னைக்கு இது பார்த்தது எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. சுட வேணாம்னு இது முடிவெடுத்தும், அதை மீறி இவரே விசையை அழுத்திச் சுட்டாரான்னு இதுகிட்டயே கேளுங்க. இது குற்றவாளி இல்ல, என் சாட்சி. நசுக்க விடமாட்டேன்."

இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்து அதைப் பிடுங்கப் பார்த்தார். எஸ்தர் விடவில்லை.

"கையை எடுங்க இன்ஸ்பெக்டர்," என்றார் நீதிபதி. "கூண்டுல ஏறி நில்லுங்க."