வாரம் ஒரு போன்

“சார், உண்மையைச் சொல்லிடுங்க. எங்க இதய ஆராய்ச்சிக்கு வந்த இந்த ரெண்டு விண்ணப்பமும் நீங்க போட்டதுதானே?”

பெரியவரின் கையில் சுற்றியிருந்த ரத்த அழுத்தப் பட்டையை அவிழ்த்தபடியே நர்ஸ் கேட்டாள்.

பெரியவர் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர். ஆயுசு முழுக்க அடுத்தவரைக் கேட்ட கேள்வி தன்னிடமே திரும்பி வந்ததில் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

“நான் ஒண்ணுதாம்மா போட்டேன்.”

“ஒரே வைஃபை, பத்து நிமிஷ இடைவெளி. ஒண்ணு உங்க பேர்ல, இன்னொண்ணு ஒரு பொம்பளை பேர்ல. வீட்டில் பேச்சுத்துணை உண்டான்னு கேட்டிருந்தோம். ரெண்டுலயும் ‘யாருமில்லை’ன்னு ஒரே பதில். ஆன்லைன்ல ஆள் சேர்த்தாலே இந்தத் தொல்லைதான். போன மாசம் ஒருத்தர் பதினாலு பேரா வந்தாரு.”

“யாரும்மா அந்தப் பொம்பளை?”

“பேரைச் சொல்லக் கூடாது சார்.”

“பக்கத்து வீட்டுல யாராவது என் வைஃபையைத் திருடுறாங்களோ என்னவோ” என்றார் பெரியவர். பிறகு குரல் இறங்கியது. “என்னை நீக்கிடாதீங்கம்மா. இதய ஆராய்ச்சிக்கு வர்றவங்களோட வாரம் ஒரு நாள் போன்ல அரை மணி நேரம் பேசுவோம்னு விளம்பரத்துல போட்டிருந்தீங்க. எனக்கு ஊசின்னாலே ஆகாது. அந்த போனுக்காகத்தான் வந்தேன்.”

நர்ஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் விதியை எழுதியவள் அவள் இல்லை.

“அந்தம்மாவையும் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கேன். அப்படி ஒருத்தர் நிஜமாவே வந்துட்டா நீங்க தப்பிச்சீங்க. வரலைன்னா ரெண்டு விண்ணப்பத்தையும் அடிச்சிடுவேன்.”

பெரியவர் சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பதினொன்று ஐந்துக்கு நர்ஸ் மறுபடி பட்டையைச் சுற்றிப் பார்த்தாள். அழுத்தம் ஏறியிருந்தது.

கதவு திறந்தது. நரைத்த கொண்டையும் கைப்பையுமாக ஒரு அம்மாள் உள்ளே வந்தார். பெரியவரைக் கண்டதும் ஒரு கணம் நின்றவர், மூலையில் தள்ளிக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பெரியவர் தரையைப் பார்த்தார்.

நர்ஸுக்கு அப்பாடா என்றிருந்தது. “நல்லவேளை வந்தீங்கம்மா. உங்களால இவர் பிழைச்சாரு. இவரை உங்களுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியும்மா. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷமாச்சு.” அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். “என் விண்ணப்பத்தை அடிச்சிட்டு, அந்த போனை இவருக்கே பண்ணுங்க. பாவம், வீட்டுல இவரோட பேச யாருமில்லை.”