நரித்தோல்

"தோல் பதனிடுற தொழிற்சாலையில வேலை செய்யிற கீதனுக்கு என்ர பிள்ளையைத் தரமாட்டன்" என்றார் குலேந்திரன்.

"இது கனடா அப்பா" என்று ஆரணி அழுதாள்.

"கனடாவுக்கு வந்தாலும் எங்கட சனத்தின்ர மூக்கு அதே மூக்குத்தான். பிறகு நான் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போகேலாது."

ஒரு வேர்ஹவுஸ் சுப்பர்வைசரின் மகளுக்கு இப்படி ஒரு மாப்பிள்ளையா என்று மனைவியும் முகம் சுளித்தாள்.

விடிந்ததும் குலேந்திரன் மல்வேர்னில் பஸ் ஏறி வேலைக்குப் போனார். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பதனிட்ட நரித்தோலில் மரத்தூளைத் தேய்த்து உதறி, மயிரைச் சீவத் தொடங்கினார்.

எதிர் மேசையில் இன்னொரு தோலைச் சீவிக்கொண்டிருந்த கீதன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பயப்பிடாதேங்கோ அங்கிள். உங்களைப் பற்றி ஆரணிக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. இனியும் சொல்லமாட்டன்."